தொப்புவுக்குப் பசிக்கவில்லை

திங்கட்கிழமை காலையில் அலுமாரியைத் திறந்து முதலாவது டெப் கணினியை இயக்கியபோது, தொப்புவுக்குப் பசிக்கவில்லை என்பதைப் பஹீமா டீச்சர் கண்டாள்.

பசித்திருக்க வேண்டும். வாவி பெருகி வீதிக்கு ஏறியதால் வியாழன் தொடக்கம் ஞாயிறு வரை நான்கு நாட்கள் பாடசாலை பூட்டிக் கிடந்தது. மின்சாரமும் இல்லை. பன்னிரண்டு டெப்களும் அவள் பூட்டிய இரும்பு அலுமாரிக்குள், அவள் அடுக்கிய அதே ஒழுங்கில் இருந்தன. பூட்டின் திறப்பு அவளுடைய கைப்பையில் இருந்தது. ஒரு நாள் சாப்பாடு இல்லாவிட்டால் தொப்புவின் காதுகள் தொங்கிவிடும். இரண்டாம் நாள் படுத்துவிடும். நான்காம் நாள் சாம்பல் நிறமாகித் திரையின் மூலையில் சுருண்டு கிடக்கும் என்று, அதைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து கொடுத்த வினோஜன் சொல்லியிருந்தான். பிள்ளைகள் அழுவார்கள், என்ன சொல்லித் தேற்றலாம் என்று சேற்றில் செருப்பு புதையப் புதைய வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் தொப்பு திரையின் நடுவில், கந்தூரி விருந்துச் சோறு தின்றவரைப் போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கண்கள் பாதி மூடி, உதட்டை நக்கிக்கொண்டு இருந்தது. வெள்ளத்துக்கு முன்பு இருந்ததைவிடப் பருத்திருந்தது.

இன்ரர்நெற் பிழையாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

அந்த வருடம் அவள் எதையும் பாதியிலேயே நினைத்து விட்டுவிடுகிறவளாக ஆகியிருந்தாள். கணவன் நிஸ்தார் கட்டார் நாட்டில் வேலையில் இருந்தான். விடிய நாலரைக்கு எழும்பினால் சமையல், மகள் நஸ்ஹாவைப் பாடசாலைக்கு வெளிக்கிடுத்துவது, முப்பத்தொரு பிள்ளைகள் கொண்ட தரம் மூன்று, பிரசவ லீவில் போன டீச்சருக்குப் பதிலாகப் பக்கத்து வகுப்பும், பின்னேரம் திருத்துவதற்குக் கொப்பிக் கட்டு. ஜூலையில் டெப்கள் வந்தபோது அதுவும் ஒரு சுமை என்றே நினைத்தாள். வந்தாறுமூலைக் கெம்பஸில் படிக்கும் வினோஜன் ஒரு கிழமை வந்து இருந்து டெப்களிலும் அவளுடைய ஃபோனிலும் எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தான். இணையத்தில் வகுப்புக்கு ஒரு செல்லப்பிராணி. முயல் காது, மீன் வால், மற்றதெல்லாம் பூனை. பிள்ளைகள் கை உயர்த்தி வாக்குப் போட்டுத் தொப்பு என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு கணக்குக் கேட்கும், அல்லது ஒரு சொல்லின் எழுத்துக் கேட்கும். சரியான விடை எழுதினால் அதன் கோப்பையில் ஒரு மீன் விழும். தொப்பு அதைத் தின்னும்.

அவ்வளவுதான். ஆனால் வராத பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக டெப் கையில் இருக்கும் நேரம் வகுப்பு சத்தமில்லாமல் இருந்தது. அந்த முக்கால் மணித்தியாலத்தில் அவள் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளலாம். மூடிய கண்ணுக்குள் முப்பத்தொரு பிள்ளைகளின் விரல்கள் கண்ணாடியைத் தட்டும் சத்தம் தூறல் போலக் கேட்கும். அதற்கு அடியில் வேறொரு சத்தமும் கேட்கும். ஏதோ ஈரமாக மெல்லும் சத்தம். எல்லா டெப்களிலும் ஒலியை அவள் குறைத்தே வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை றிப்ஷானுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியவில்லை.

மறந்துவிட்டது என்றால் அவளுக்குப் புரிந்திருக்கும். போன மாதம்தான் ஆசிரிய ஆலோசகருக்கு முன்னால் நின்று மூச்சு விடாமல் ஒப்புவித்தவன். மறந்த பிள்ளை தலையைச் சொறியும், கூரையைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்க்கும். றிப்ஷான் அப்படி ஒன்றும் செய்யவில்லை. தெரியாத ஒரு பாஷையில் யாரோ பேசுவதைக் கேட்பது போல, மரியாதையாக அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது, பிள்ளை நித்திரை கொண்டிருக்க மாட்டான் என்று அவள் உட்காரச் சொன்னாள்.

அன்று பாடசாலை விட்டு எல்லோரும் போன பிறகும் ஸுஹைனா வாசல் படலையடியில் நின்றாள். யாரும் கூப்பிட வரவேண்டியதில்லை. மூன்று வருடமாகத் தனியே நடந்து போய் வருகிற பிள்ளை. ஐஸ் கொம்பனியைத் தாண்டி, வாவிக்கரையோடு, நீலக் கதவு வைத்த வீடு. எந்தப் பக்கம் போவது என்று தனக்குத் தெரியாது என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அழவில்லை. பஹீமா ஒரு கையில் நஸ்ஹாவையும் மறு கையில் அவளையும் பிடித்துக்கொண்டு கொண்டுபோய் விட்டாள். நீலக் கதவைக் கண்ட பிறகும் அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காய்ச்சல் வரப்போகுதாக்கும் என்று தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வரும்போது வாவியில் இருந்து அழுகிய சல்பீனியா நீர்ப்பூண்டும் சேறும் கலந்த மணம் வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு எப்போதும் வருகிற மணம்தான். ஆனால் அது அவர்களுக்குப் பின்னால் நடந்து வருவது போல இருந்தது.

புதன்கிழமை இடைவேளை மணி அடித்தும் பிள்ளைகள் டெப்பை விட்டு எழும்பாமல் இருந்தபோது ஹப்ஸா வந்தாள். றிப்ஷானின் தங்கச்சி, தரம் ஒன்று. தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க அவளுக்குக் கை பலம் காணாது. தினமும் காக்காவிடம், தன் அண்ணனிடம், கொண்டுவந்து நீட்டுவாள், அவன் பார்க்காமலே வாங்கித் திறந்து கொடுப்பான். அன்று அவள் நீட்டினாள். அவன் டெப்பில் இருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தான். போத்தலைப் பார்த்தான். பிறகு பஹீமாவின் பக்கம் திரும்பினான்.

“டீச்சர், இந்தப் புள்ள என்னத்துக்கு என்னட்ட வாற?”

சண்டை பிடித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் கோபப்பட்ட காக்காவின் முகம் எப்படி இருக்கும் என்று பதினான்கு வருடம் படிப்பித்தவளுக்குத் தெரியும். இந்த முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸில் தெரியாத ஒருவருக்கு இடம் விடுகிறவரின் முகம் அது. ஹப்ஸாவின் கீழுதடு நடுங்கத் தொடங்கியது. பஹீமா போத்தலைத் திறந்து கொடுத்து அனுப்பிவிட்டு, றிப்ஷானின் கையில் இருந்த டெப்பை வாங்கிப் பார்த்தாள்.

விளையாட்டின் கேள்விகள் எப்போதும் புத்தகத் தமிழில் இருக்கும். விடை தருக, இடைவெளி நிரப்புக என்று. திரையில் இருந்தது அப்படி இல்லை.

உன்ட தங்கச்சிக்கு என்ன பேர்?

கீழே றிப்ஷான் எழுதியிருந்தான்: ஹப்ஸா. பக்கத்தில் பச்சைச் சரி அடையாளம். கோப்பை காலி. தொப்பு மென்றுகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் அழிந்து புதிய வரி வந்தது.

அவ எப்பிடிச் சிரிப்பா?

பஹீமா டெப்பைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். பிறகு வரிசை வரிசையாகப் போய்ப் பன்னிரண்டையும் வாங்கி அலுமாரியில் பூட்டினாள். இடையில் வாங்கினால் பிள்ளைகள் கத்துவார்கள், கெஞ்சுவார்கள். அன்று அப்படி இல்லை. முப்பத்தொரு பிள்ளைகளும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பூட்டிய அலுமாரியை அமைதியாகப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அதிபர் சாலிஹ் சேர் காரியாலயத்தில் சேறு கழுவிக்கொண்டிருந்தார். காற்சட்டையை முழங்கால் வரை மடித்திருந்தார். அவள் சொன்னதை விளக்குமாறைப் பிடித்தபடியே கேட்டார். வெள்ளிக்கிழமை கல்வி வலயத்தில் இருந்து டெப் வகுப்பைப் பார்க்க வருகிறார்கள், அதுவரைக்கும் பொறுங்கள், பிள்ளைகள் களைத்திருக்கிறார்கள், நீங்களும் களைத்திருக்கிறீர்கள் என்றார். அது பொய்யில்லை.

வினோஜனுக்கு அழைப்பு எடுத்தாள். வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு அவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். நஸ்ஹாவைப் பக்கத்து வீட்டு ஸீனத் மாமியோடு அனுப்பியிருந்தாள். வெறும் வகுப்பறையில், ஈரம் ஊறிய சுவரில் பாசி மணக்க, பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் இருவரும் முழங்கால் மடித்து உட்கார்ந்தார்கள். அவன் தன் மடிக்கணினியைத் திறந்து, தொப்புவுக்கு யார் யார் எப்போது சாப்பாடு கொடுத்தார்கள் என்ற பட்டியலை எடுத்தான். முதலில் பகிடி விட்டுக்கொண்டிருந்தான். பட்டியல் கீழே போகப் போகப் பேச்சு குறைந்தது.

“டீச்சர், நான் போட்டது நாநூத்திப் பத்துக் கேள்வி. எல்லாம் கணக்கும் தமிழும்தான். இதுகள் ஒண்டும் நான் போட்டதில்ல.”

வெளியில் இருந்து யாராவது புகுந்திருக்கலாமா என்று அவள் கேட்டாள். புகுந்த தடயம் இல்லை என்றான். அப்படியானால் நான்கு நாள் வெள்ளத்தில், பூட்டிய அலுமாரிக்குள், யார் அதற்குச் சாப்பாடு கொடுத்தது? அவன் திகதிகளைத் தேடி எடுத்தான். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நீளமான பட்டியல். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரே பெயர். கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

நஸ்ஹா.

“உங்கட ஃபோன்ல இருந்துதான் குடுத்திரிக்கி, டீச்சர்.”

வெள்ளம் வந்த அந்த நாட்கள் அவளுக்கு ஒரே நாளாகத்தான் ஞாபகம் இருந்தது. படி வரைக்கும் தண்ணீர். அரிசிச் சாக்கையும் மெத்தையையும் தனியாகத் தூக்கி மேலே வைத்தாள். ஸீனத் மாமி வீட்டு ஜெனரேற்றரில் ஒரு மணித்தியாலம் ஃபோனுக்குச் சார்ஜ் போட்டு வருவாள். பிறகு பகலிலேயே கட்டிலில் விழுந்து கல்லாக உறங்குவாள். பக்கத்தில் நஸ்ஹா போர்வைக்குள் ஃபோன் வெளிச்சத்தில் இருந்தாள். கார்ட்டூன் பார்க்கிறாள் என்று நினைத்தாள். பிள்ளை ஒன்றும் கேட்டுத் தொல்லை தரவில்லையே என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள்.

அவள் பட்டியலை வாசித்தாள். கேள்விகளும், நஸ்ஹா வழக்கமாக விடும் எழுத்துப் பிழைகளோடு விடைகளும்.

வாப்பாட பேர் என்ன? வாப்பா எப்பிடிக் கதைப்பார்? வாப்பா போகக்குள்ள உனக்கு என்ன சொன்னார்? உங்கட வீட்டுக் கதவு எந்தப் பக்கம்?

எல்லாவற்றுக்கும் பச்சைச் சரி.

ஞாயிற்றுக்கிழமை நிஸ்தார் அழைத்தபோது ஃபோனை நஸ்ஹாவிடம் கொடுத்தது அவளுக்கு நினைவு வந்தது. பிள்ளை கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தாள். “உம்மா, ஒராள் கதைக்கார்” என்றாள். வாப்பா வருவதாகச் சொல்லி வராததால் பிள்ளைக்குக் கோபம் என்று நிஸ்தாரிடம் சொல்லிச் சிரித்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். அப்போது அதைக் கேட்ட காது எங்கே போயிருந்தது? ஒராள். பிள்ளை அப்படித்தான் சொன்னாள்.

பட்டியலின் கடைசி வரிக்கு மட்டும் விடை இல்லை. ஞாயிறு பின்னேரம் ஃபோனில் சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும். காத்திருக்கிறது என்று பக்கத்தில் போட்டிருந்தது.

உம்மா எப்பிடி இரிப்பா?

வினோஜன் அரை மணித்தியாலம் முயன்றான். அவனால் அழிக்க முடியவில்லை. கணக்கு பஹீமாவின் பெயரில் இருந்தது. அவள் மட்டும்தான் மூடலாம், அதுவும் பதிவு செய்த பாடசாலை டெப் ஒன்றில் இருந்து. மூடாமல் டெப்பை உடைத்தால் என்ன என்று கேட்டாள். அது டெப்பில் இல்லை டீச்சர் என்றான். கணினியை மூடினான். தொடக்கத்தில் சோதித்துப் பார்க்கத் தானும் சில கேள்விகளுக்கு விடை எழுதியதாகச் சொன்னான். என்ன கேள்விகள் என்பது ஞாபகம் இல்லை என்றான். பிறகு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எப்படி மாட்டுவது என்று யோசிப்பவன் போலச் சற்று நேரம் படியில் நின்றான்.

“இண்டைக்கே மூடிப்போடுங்க, டீச்சர். புள்ளையக் கிட்ட விடாதீங்க.”

அவள் ஒரு டெப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அஸர் தொழுகைக்குப் பிறகு நஸ்ஹா குர்ஆன் ஓதப் போய்விட்டாள். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம்தான் வருவாள். தன் ஃபோனை அணைத்து அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தாள். கதவைச் சாத்தினாள். மேசையில் டெப்பை வைத்து முன்னால் உட்கார்ந்தபோது முழங்கால், இடுப்பு, கழுத்து எல்லாம் ஒவ்வொன்றாக நொந்தன. தகரத்தில் மழை விழத் தொடங்கியது. பின்வளவில் தேங்கிய தண்ணீரில் தவளைகள் கத்தின. பின்னேர வெளிச்சம் ஜன்னலில் சாம்பலாகிக் குறைந்துகொண்டு வந்தது.

தொப்பு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் அது எப்போதும் ஆடிக்கொண்டும் புரண்டுகொண்டும் இருக்கும். இப்போது அசையவில்லை. பருத்த வயிறு திரையின் கீழ் விளிம்பு வரை வந்திருந்தது. அதன் கண் இமைக்கவில்லை. அறைக்குள் சேறு மணத்தது.

கணக்கை மூடுக என்பதைத் தொட்டாள்.

உங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்துக. மூன்று கேள்விகளுக்கு விடை தருக.

புத்தகத் தமிழ். ஜூலையில் வினோஜன் பக்கத்தில் இருக்க அவளே தெரிவு செய்து வைத்த கேள்விகள். அதுதான் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இவை அதனுடையவை அல்ல. தன்னுடையவை.

நீங்கள் பிறந்த ஊர்? எழுதினாள். சரி.

நீங்கள் முதன்முதலாகக் கற்பித்த பாடசாலை? எழுதினாள். கல்குடாவில் கடற்கரையோடு இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஜன்னலால் மணல் வந்து கொப்பிகளில் படியும். சரி.

மெல்லும் சத்தம் கேட்டது.

தான் எழுதிய சொல் திரையில் இன்னும் இருந்தது. அவள் அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஒரு பாடசாலையின் பெயர். நல்ல பெயர். எந்த ஊரில் இருக்கிறது என்று யோசித்தாள். அங்கே யார் படிப்பித்தது என்று யோசித்தாள்.

பிறகு விளங்கியது. விடையாக எழுதியதைத்தான் அது தின்கிறது.

மூன்றாவது கேள்வி வந்து நின்றது.

உங்கள் மூத்த பிள்ளையின் பெயர்?

கையை எடுத்தாள். கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. பிழையாக எழுதிப் பார்ப்போம் என்று நின்றபடியே ஸுஹைனாவின் பெயரை எழுதினாள். சிவப்புக் கோடு. இன்னும் ஒரு முயற்சி.

அவள் எழுதவில்லை. மழை பலத்தது. தவளைச் சத்தம் நின்றது. எல்லாம் ஒரே நேரத்தில்.

திரையில் கேள்வி அழிந்தது. வேறொன்று வந்தது.

நஸ்ஹாட்ட கேக்கட்டா?

ஒழுங்கையின் முனையில் பிள்ளைகளின் சத்தம். ஓதி முடிந்துவிட்டது. மழைக்காக வேளைக்கு விட்டிருக்கிறார்கள். அந்தச் சத்தங்களுக்குள் தன் பிள்ளையின் சத்தம். தண்ணீரில் குதிக்கிறாள். சிரிக்கிறாள்.

எத்தனை ஃபோனைப் புதைப்பது? எத்தனை நாள் விழித்திருப்பது? என்றைக்காவது ஒருநாள் உறங்கிவிடுவாள். அது காத்திருக்கும். எட்டு வயதுப் பிள்ளை உம்மா இல்லாமல் என்ன செய்யும்? நான் பெரியவள். எனக்கு எழுத வாசிக்கத் தெரியும்.

சிவப்புப் பேனையை எடுத்தாள். இடது உள்ளங்கையில் எழுதினாள். அழுத்தி, தோல் நோக எழுதினாள். நஸ்ஹா என்ட மகள்.

பிறகு திரையில் எழுதினாள்.

ந.

ஸ்.

ஹா.

சரி.

மெல்லும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

திரை இருண்டது. கணக்கு மூடப்பட்டது என்று ஒரு வரி வந்து, அதுவும் போனது.

பஹீமா விழுந்து கிடந்த கதிரையை நிமிர்த்தி வைத்து அதில் உட்கார்ந்தாள். தோள்கள் லேசாக இருந்தன. பல மாதமாகக் கழுத்தில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது. எதற்காக அவ்வளவு அவசரப்பட்டாள் என்று தெரியவில்லை. ஏதோ பாடசாலை வேலை முடிந்தது. மழைச் சத்தம் நன்றாக இருந்தது. கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கலாம்.

உள்ளங்கையில் சிவப்பாக ஏதோ எழுதியிருந்தது. வாசித்துப் பார்த்தாள். கொப்பி திருத்தும்போது எந்தப் பிள்ளையின் எழுத்தோ ஒட்டியிருக்கிறது. முந்தானையை நனைத்துத் துடைத்தாள். இலேசில் போகவில்லை. தேய்த்துத் துடைத்தாள்.

கதவு தட்டப்பட்டது. திறந்தாள். வாசலில் ஒரு பெண்பிள்ளை நின்றாள். எட்டு வயதிருக்கும். வெள்ளை ஸ்காஃப் நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. குர்ஆனைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

“உம்மா, பசிக்கிது” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பிள்ளை உள்ளே வரப் பார்த்தது.

பஹீமா அவளை வாசலிலேயே நிறுத்தினாள். துவாய் எடுத்துவந்து தலையைத் துவட்டிவிட்டாள். ஒரு பிஸ்கட் கொடுத்தாள். பிறகு குனிந்து, வகுப்பில் புதிதாய் வந்த பிள்ளைகளிடம் கேட்கும் குரலில் கேட்டாள்.

“நீங்க ஆர்ர புள்ள?”

பிள்ளை முதலில் சிரித்தது. விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். மறுபடியும் கேட்டபோது சிரிப்பு பாதியில் நின்றது. மூன்றாம் தடவை கேட்டபோது பிஸ்கட் கீழே விழுந்தது. அது அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கியது. பாவம், வழி தவறி வந்த பிள்ளை. இந்தக் கிழமை இப்படி ஒரு பிள்ளையை அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டாள் அல்லவா? காலம் கெட்டுக் கிடக்கிறது. தாய்மார் கவனிப்பதில்லை.

குடையை எடுத்துக்கொண்டு பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனாள். ஆடு மாடு காணாமல் போனாலும் பிள்ளை காணாமல் போனாலும் ஒலிபெருக்கியில் சொல்வது பாங்கு சொல்லும் மோதினார் அப்துல் மஜீத். மழையில் தொழுகைக்கு ஆட்கள் குறைவு. அவர் தொழுது முடித்து வெளி வாசலுக்கு வந்தார். வழி தெரியாமல் வந்த பிள்ளை, தாய்க்கு அறிவித்துவிடுங்கள் என்று பஹீமா சொன்னாள். அவர் பிள்ளையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் பிள்ளையைப் பார்த்தார்.

“டீச்சர், இது உங்கட மகள் நஸ்ஹாதானே.”

அவள் களைப்போடு சிரித்தாள். வயது போன மனிதர், கண் மங்கல், மழை வேறு.

“எனக்குப் புள்ள இல்ல, காக்கா.”

அவர் உள்ளே போய் ஒலிபெருக்கியைப் போட்டார். மைக்கை நீண்ட வயரோடு வாசல் வரைக்கும் கொண்டுவந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் பிள்ளைக்கு முன்னால் குந்தி, பெயரைச் சொல்லச் சொல்லி நீட்டினார். பிள்ளையால் பெயர் சொல்ல முடியவில்லை. உம்மா, உம்மா என்று மட்டும் அழுதது. அந்த அழுகை மினாராவில் இருந்து நாலு பக்கமும் போனது. வீடுகளுக்கு மேலால், ஒழுங்கைகளால், மழை விழும் வாவிக்கு மேலால் அக்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வீடுகளில் கதவுகள் திறந்தன. பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒழுங்கையில் வந்து நின்றார்கள். ஒருத்தியும் கிட்ட வரவில்லை.

பஹீமா பிள்ளையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அழாதீங்க புள்ள, இப்ப வந்திருவாங்க என்று அதன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு மழைக்குள், அந்தப் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இவர்களில் தாய் யார் என்று தேடத் தொடங்கினாள்.